லிங்க் அனுப்பினால் பாடம் நடத்தியதாகுமா?

"வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ அனுப்பியிருக்கிறோம், பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்." பெற்றோராகிய நமக்கு இந்தச் செய்தி பழகிப்போய்விட்டது. கொரோனா காலத்தில் தொற்றிய பழக்கம் இது. கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற வீடுகள் பலவற்றில் ஒரே ஸ்மார்ட்போன்தான். அதுவும் காலையில் வாப்பாவோடு கிளம்பிவிடும். இரவில் அது கைக்கு வந்ததும் பிள்ளை பார்ப்பது பாடமா, ரீல்ஸா என்று யாருக்கும் தெரியாது.

இணையமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2018 முதல் தமிழகப் பாடநூல்களிலேயே க்யூ.ஆர். கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் பாடக் காணொளி வரும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேடி அதைப் பார்க்கிறோம் என்பதை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். தமிழாசிரியர் "உமறுப் புலவரைப் பற்றி நெட்டில் தேடி எழுதி வா" என்றால், பிள்ளை முதலில் கண்ணில் பட்டதை அப்படியே எழுதிக்கொண்டு வரும். (பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதையேதான் எழுதும்!) மாறாக, "அவர் பிறந்தது எந்த ஊர்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். ஒரு தளம் நாகலாபுரம் என்கும், இன்னொன்று கீழக்கரை என்கும். எதை நம்புவது, எழுதியவர் யார், ஆதாரம் காட்டுகிறாரா என்ற விவாதம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். மதுரைத் திட்டம் தளத்தில் சீறாப்புராணம் இலவசமாகக் கிடைக்கிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அன்றைய பாடத்துக்கு வேண்டிய இரண்டை மட்டும் திறந்து, பாடநூலோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். இதற்கு ஆசிரியரின் ஒரு லேப்டாப் போதும். போன் இல்லாத பிள்ளையும் விடுபடாது.

புவியியலுக்கும் இது பொருந்தும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏன் இந்த ஊருக்குக் கிடைத்தது என்று கேட்டால், கரிசல் மண், மானாவாரி, நிலக்கடலை என்று பாடம் தானாக விரியும்.

சமூக ஊடகத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். யூடியூபில் ஆசிரியர் முன்னரே முழுதாகப் பார்த்த நான்கு நிமிடத் துண்டு நல்லது. பிள்ளையைத் தனியே தேடவிட்டால், அடுத்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனமே வைத்த விதி. பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் எதற்கு வீட்டுப்பாடம்? பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின், படங்களைப் பள்ளிப் பக்கத்தில் போடுவதையும் நாம் தயங்காமல் மறுக்கலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மரியாதையாகவே இரண்டு கேள்விகள் கேட்போம். சார், இந்த லிங்க் எந்தக் கேள்விக்காக? போன் இல்லாத வீட்டுப் பிள்ளை இதை எங்கே பார்க்கும்?