கடைக்கு எந்தக் கம்ப்யூட்டர்? விண்டோஸ், மேக், லினக்ஸ் – ஓர் ஒப்பீடு



சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன் அண்ணாச்சி, எதை வாங்குவது?" கல்லூரியில் படிக்கும் மகன் ஆப்பிள் கம்பெனியின் மேக்தான் சிறந்தது என்கிறான். ஆடிட்டர் அலுவலகத்தில் விண்டோஸ் என்கிறார்கள். தெரிந்த பையன் ஒருவன் லினக்ஸ் போட்டால் காசே வேண்டாம் என்கிறான். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. நம் கடைக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி.

பழைய கதை ஒன்று

1979-ல் அமெரிக்காவில் விசிகால்க் என்ற கணக்கு மென்பொருள் வெளிவந்தது. கட்டம் போட்ட தாளில் ஒரு தொகையை மாற்றினால், கூட்டுத்தொகை தானாகவே மாறும். முதலில் அது ஆப்பிள்-2 என்ற கம்ப்யூட்டரில்தான் ஓடியது. அந்தக் கணக்குத் தாளுக்காகவே வியாபாரிகள் பலர் ஆப்பிள் பெட்டியை வாங்கினார்கள். 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யைக் கொண்டுவந்தது. 1983-ல் அதற்கென லோட்டஸ் 1-2-3 என்ற இன்னும் வேகமான கணக்கு மென்பொருள் வந்ததும், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது.

1984-ல் ஆப்பிள் கொண்டுவந்த மெக்கின்டாஷ், படங்களைச் சுட்டி வேலை செய்யும் அழகான கம்ப்யூட்டர். ஆனால் விலை 2,495 டாலர். செய்வதும் ஆப்பிள் ஒருவரே. பி.சி.யையோ காம்பாக் முதலான பல கம்பெனிகள் அதே மாதிரியில் செய்து விற்றன. போட்டியால் விலை இறங்கியது. ஒரே மில்லின் அரிசிக்கும், பத்து மில்லிலும் கிடைக்கும் அரிசிக்கும் விலை எப்படி நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

விண்டோஸ்

அந்தப் பி.சி. வழியில் வந்ததே இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டர். நமக்கு இதன் பெரிய பலம், கடைக்கு வேண்டிய மென்பொருள்கள் இதற்கென்றே எழுதப்பட்டிருப்பது. 1986-ல் பெங்களூரில் தொடங்கிய டேலி இதில்தான் நேரடியாக ஓடுகிறது. பில் பிரிண்டர், பார்கோடு கருவி, எடைத் தராசு ஆகியவற்றை இணைப்பதும் எளிது. பழுதானால் பக்கத்துத் தெருவிலேயே ஆள் கிடைப்பார்.

பலவீனம், வைரஸ். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பணயம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பழைய கம்ப்யூட்டர்கள் பல ஏற்பதில்லை. எனவே பழைய பெட்டியை மலிவாக வாங்குவோர், அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடுமா என்று கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.

மேக்

பெட்டியும் அதை இயக்கும் மென்பொருளும் ஒரே கம்பெனியுடையவை என்பதால் ஒன்றுக்கொன்று நன்கு ஒத்துப்போகும். உழைப்பும் அதிகம், வைரஸ் தொல்லையும் குறைவு. ஆனால் விலை கூடுதல். 2020-க்குப் பின் வந்த மேக் லேப்டாப்களில் மெமரியைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். டேலியை நேரடியாக நிறுவவும் முடியாது. சுற்றுவழியில்தான் ஓட்ட வேண்டும். விளம்பரம், படம், அச்சு வேலை செய்பவருக்கு இது ஏற்றது. மளிகைக் கல்லாவுக்கு அவசியமில்லை.

லினக்ஸ்

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. விலை கிடையாது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இதன் உபுண்டு வகையில் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் இலவசம். ஜி.எஸ்.டி. இணையதளம், மின்னஞ்சல், விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு இதுவே போதும். ஆனால் நம் வரிமுறைக்கேற்ற பில் மென்பொருள் இதில் குறைவு. பிரிண்டர் தகராறு செய்தால் சரிசெய்யத் தெரிந்த ஆள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி போகும், கணக்கு போகக்கூடாது

எங்கள் கடையில் ஒருமுறை தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. நகல் எடுத்து வைக்கவில்லை. பெட்டியின் விலை பெரிதாகத் தெரியவில்லை. யார் யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாமல் போனதுதான் இடி. சிட்டைகளைத் தேடி எடுத்துக் கணக்கை மீண்டும் எழுத ஒரு மாதமாயிற்று. சில பாக்கிகள் வராமலே போயின. எந்த வகைப் பெட்டி வாங்கியிருந்தாலும் அந்த நஷ்டம் வந்தே இருக்கும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குக்கு நகல் வைத்திருப்பதும் விதியே. ஆறாண்டில் பெட்டி மாறலாம், மென்பொருள் விற்றவர் கடையை மூடிவிடலாம். கணக்கு நம்மிடம் இருந்தாக வேண்டும்.

ஆகவே வாங்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. நம் ஆடிட்டர் எந்த மென்பொருளில் கணக்கு கேட்கிறார்? அது எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும்?
2. பழுதானால் அன்றே வந்து பார்க்க ஆள் உண்டா?
3. பாதுகாப்புத் திருத்தம் இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும்?
4. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால், வாடிக்கையாளர் பாக்கியையும் சரக்கு இருப்பையும் எக்செல் தாளாக வெளியே எடுக்க முடியுமா?

நான்காவது கேள்விக்கு நேரான பதில் சொல்லாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பெரும்பாலான மளிகைக் கடைகளுக்கு ஆதரவு உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரே இன்று பொருத்தம் என்பது நம் கருத்து. பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் போட்டு, பில் தவிர்த்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் அன்றைய கணக்கை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கடைச் சாவியை எப்படி மறக்காமல் எடுத்துச் செல்கிறோமோ, அதேபோல இதையும் வழக்கமாக்கிக்கொள்வோம்.