உப்பளக் கரையிலிருந்து ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, இன்ன வள்ளலிடம் செல்க, இன்ன வழியே செல்க, வழியில் இன்னார் உனக்கு உணவளிப்பர் என்று ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். தொல்காப்பியர் இலக்கணம் வகுத்த இத்துறையைத் தேர்வு வினாவாக மட்டுமே கண்டு பழகிவிட்டோம். கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறை பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பெற்றபோது, நம் நினைவில் முதற்கண் எழுந்தது அரசாணை எதுவும் அன்று, சிறுபாணாற்றுப்படையே.

அதற்குக் காரணம் உண்டு. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் யாத்த அந்நூலில், பாணன் செல்லும் வழி கடற்கரையை ஒட்டிய எயிற்பட்டினத்தையும், பின்னர் வேலூரையும் ஆமூரையும் கடந்து, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலை அடைகின்றது. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தைச் சார்ந்த இடம் என்றும் அறிஞர் காட்டுவர். மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகனோ மகளோ இன்று உயர்கல்வி நாடிப் பேருந்தில் ஏறினால், திண்டிவனத்தை நோக்கிய முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணம் ஏறத்தாழ அதே திசையில்தான் அமைகின்றது. பாணனுக்கு ஒவ்வோர் ஊரிலும் யார் என்ன கொடுப்பர் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவன் இருந்தான். நம் மாணவருக்கு எந்தச் சாளரத்தில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

அந்நூலில் பாணனின் வறுமையைக் காட்டும் பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் சற்றே நின்றுவிடுவது வழக்கம். குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைத்து, வறுமையின் இயல்பறியாத பிறர் கண்டுவிடுவரோ என நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் காட்சி அது. உப்பு விளையும் கரை வழியே செல்லும் பாட்டில் உப்பில்லாத கீரை! எனினும் நம்மை நிறுத்துவது உப்பில்லாமை அன்று; அந்தக் கதவடைப்பே. உதவித்தொகை பற்றிய எத்தனையோ சுற்றறிக்கைகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறுகின்றன. அவற்றின் முன் நின்று படிப்பதைத் தோழர் பார்த்துவிடுவாரோ என்று கூசி, இரண்டு முறை கடந்து சென்று மூன்றாம் முறையும் நில்லாமல் போகும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் மூன்றாம் பருவம் பயின்ற மாணவர் ஒருவர், ஐப்பசியில் தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கியபோது வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார். மரக்காணத்தை ஒட்டிய சிற்றூரைச் சேர்ந்தவர். தாய் தந்தை இருவரும் உப்பளத்தில் உழைப்பவர்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பத்து நாட்கள் கழித்து, அதே கரையிலிருந்து வரும் முதுகலை மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி நம் அறைக்கு வந்து, "ஐயா, அவனுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. கட்டணம் கட்ட வழியில்லை. மழை விட்டதும் பாத்தி வேலைக்குப் போவதாகச் சொல்கிறான்" என்றார்.

அழைத்து வினவினோம். முதலாண்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததாகவும், பணம் வரவில்லை என்றும், வராததற்கு மீண்டும் ஏன் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவ்வாண்டு விட்டுவிட்டதாகவும் கூறினார். ஆராய்ந்து பார்த்தால், பணம் வந்திருந்தது! பள்ளிப் பருவத்தில் அவர் பெயரில் தொடங்கி, பின்னர் மறந்தே போன ஒரு வங்கிக் கணக்கில் அது பல மாதங்களாகக் கிடந்தது. அந்தக் கணக்கு இயக்கமற்றதாக மாறியிருந்தமையால் உடனே எடுக்கவும் இயலவில்லை. இதற்குள் அவ்வாண்டுப் புதுப்பித்தலுக்கான இறுதி நாளும் கடந்துவிட்டது. முதலாண்டில் அவருடைய விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். எந்தக் கணக்கில் பணம் வரும் என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

தேர்வுக் கட்டணத்தை ஜமாஅத் பெரியவர் ஒருவர் செலுத்தினார். அம்மாணவர் நம் சமுதாயத்தவர் அல்லர். பெரியவர் அதனைக் கேட்கவும் இல்லை. ஜகாத்துக்கு வரையறைகள் உண்டாதலின் இது ஸதகாவாகவே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே உப்பளக் குடும்பங்களின் ஆண்டுக் கணக்கை நாம் கருதிப் பார்க்கத் தொடங்கினோம். தை, மாசியில் பாத்திகளைத் திருத்தி நீர் பாய்ச்சினால், வெயில் முதிரும் பங்குனி, சித்திரை முதல் புரட்டாசி அளவும் உப்பு வாரலாம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி கரைந்து தொழில் நின்றுவிடும். அம்மாதங்களில் அடுப்பெரிவது பெரும்பாலும் முன்பணத்தால், அதாவது கடனால். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல் போன்றவை வந்துவிட்டால் அடுத்த பருவத்தின் தொடக்கமும் பாழ். கல்லூரியில் தேர்வுக் கட்டணம் கேட்கப்பெறுவதும், உதவித்தொகை விண்ணப்பங்கள் முடிவடையும் நாட்கள் வருவதும் பெரும்பாலும் இந்த மழை மாதங்களில்தான். கையில் காசும் இல்லை. சான்றிதழுக்காக அலையப் பேருந்துக் கட்டணமும் இல்லை.

வருமானச் சான்றிதழில் இதன் விளைவு வேறு வகையாக வெளிப்படுகின்றது. இச்சான்றிதழை இ-சேவை மையம் வாயிலாக விண்ணப்பிக்க, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் அறிக்கையின் பேரில் வட்டாட்சியர் அலுவலகம் வழங்குகின்றது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாட்கூலி 500 ரூபாய் என்றும், மாதம் 25 நாட்கள் வேலை என்றும் கொண்டால், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மாத வருவாய் 25,000 ரூபாய். இதனைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 3 இலட்சம். பட்டியலின மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்குரிய வருமான வரம்பு 2.5 இலட்சம் ஆதலின், அம்மாணவர் அக்கணமே தகுதி இழக்கிறார். ஆனால் உப்பளத்தில் வேலை எட்டு மாதங்களே என்று கொண்டால் உண்மை வருவாய் 2 இலட்சம். பெருக்க வேண்டிய எண் பன்னிரண்டா எட்டா என்பதில் ஒரு பட்டப்படிப்பு தொங்குகின்றது. விசாரணைக்கு வரும் அலுவலரிடம், 'மாதம் எவ்வளவு' என்ற வினாவுக்கு மட்டும் விடை சொல்லி நின்றுவிடாமல், வேலையில்லாத மாதங்களையும் எடுத்துச் சொல்லுமாறு பெற்றோரிடம் கூறுதல் வேண்டும். இது பொய் சொல்லும் உபாயம் அன்று. முழு உண்மையைச் சொல்லும் முறை. இச்சான்றிதழை ஆண்டுதோறும் புதிதாகப் பெற வேண்டியிருக்கும் ஆதலின், மழை தொடங்குமுன், ஆனி ஆடியிலேயே பெற்று வைத்துக்கொள்வது நன்று.

இனி, பெயர். மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறொரு பெயர், வங்கிக் கணக்கில் மற்றுமொரு பெயர் என்றிருந்தால் கணினி மூவரையும் வெவ்வேறு மனிதராகவே கொள்ளும். தலைப்பெழுத்து முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும், தந்தை பெயர் விரிந்து நிற்பதும் சுருங்கி நிற்பதும் அதற்குப் பெரிய வேறுபாடுகள். நம் சமுதாயத்து மாணவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முகம்மது, முஹம்மது, முகமது, மொகமது எனத் தமிழிலேயே நான்கு வடிவங்கள்; ஆங்கில எழுத்துக்கூட்டலை எண்ணத் தொடங்கினால் பொழுது போதாது. ஒரே வீட்டில் தந்தைக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நால்வகை எழுத்துக்கூட்டல் இருக்கக் கண்டோம். பள்ளி இறுதிச் சான்றிதழில் உள்ள வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு ஏனையவற்றைத் திருத்திக்கொள்ளல் எளிது. இதனைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே செய்தல் வேண்டும்.

வங்கிக் கணக்கு பற்றியும் ஒன்று விளங்கிக்கொள்ள வேண்டும். கணக்குத் தொடங்குகையில் ஆதார் எண்ணைக் கொடுப்பது வேறு. அரசின் பணம் இக்கணக்கிலேயே வரவேண்டும் என்று ஒப்புதல் கொடுத்து இணைப்பது வேறு. உதவித்தொகை ஆதார் எண்ணைப் பற்றிக்கொண்டு வருவதால், விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை எழுதினாலும், இறுதியாக அவ்வாறு இணைக்கப்பெற்ற வங்கியையே அது சென்றடையும். இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் கொடுக்கல் வாங்கல் எதுவும் செய்யாத கணக்கு இயக்கமற்றதாகிவிடும். அடையாளச் சான்றுகளோடு வங்கிக்கு நேரில் சென்றால் அதனை மீட்கலாம், பணம் போய்விடாது. மேற்சொன்ன மாணவருக்கும் அவ்வாறே கிடைத்தது, ஆனால் தை மாதத்தில்.

திட்டங்களைப் பொறுத்தவரை, அவை குறைவு என்று சொல்வதற்கில்லை. பட்டியலின மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தமிழக அரசு தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோரும் பின்னர்ச் சேர்க்கப்பெற்றனர். வேறு உதவித்தொகை பெறுவோரும் இதனைப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. மேனிலைத் தேர்வில் தம் வாரிய மாணவருள் முதல் இருபது விழுக்காட்டில் அடங்குவோர்க்கு, குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்கு மிகாதிருப்பின், ஒன்றிய அரசு இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கும் திட்டமும் உண்டு. புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். 'முதல் பட்டதாரி' சலுகை பற்றி ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கின்றனர். 2010-11இல் தொடங்கிய அச்சலுகை ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வி சேர்வோர்க்கு உரியது. கலைக்கல்லூரி மாணவர் அதனை நம்பிக் காத்திருத்தல் வீண். கல்விக்கடன் 4 இலட்சம் வரை பிணையமின்றிக் கிடைக்கும் எனினும், வட்டி குறித்துத் தயங்கும் நம் குடும்பங்களுக்கு அது கடைசி வாயில்.

உப்பளக் கரையில் பலரும் கவனியாத ஒரு வாயில் உண்டு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்வழி அமைந்த நலவாரியத்தில் உப்பளத் தொழிலாளரும் பதிவு செய்துகொள்ளலாம். 18 முதல் 60 வயதுக்குட்பட்ட தொழிலாளி பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்தும் வந்தால், அவர்தம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கும் உதவி உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் ஒரு பருவத்தின் தேர்வுக் கட்டணத்துக்கு உதவக்கூடியது. மகனின் படிப்புக்குத் தாயின் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்று யார் சொல்லுவார்?

சிறுபான்மை மாணவருக்கான உதவித்தொகை பற்றிச் சமுதாயப் பெரியோர் அடிக்கடி வினவுவதால் அதனையும் சொல்லிவிடுவோம். 2007-08 முதல் பள்ளிக்குப் பிந்தைய படிப்புக்கு இது வழங்கப்பெற்று வந்தது. 2023இல் ஒன்றிய அரசு 1,572 நிறுவனங்களை ஆராய்ந்தபோது, 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது இயங்காதவை என்று தெரியவந்தது. ஐந்தாண்டுகளில் ஏற்பட்ட இழப்பு 144 கோடி ரூபாய்க்கு மேல். இல்லாத மாணவர் பெயரில் பணம் எடுத்தவர் யாரோ. இருக்கின்ற மாணவர் அறிவிப்புக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் நிதியுதவியும் 2022-23 முதல் நிறுத்தப்பெற்றது. ஆகவே இதனை மட்டும் எதிர்நோக்கி இராமல், தம் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழின் வழியே மாநில அரசு தரும் உதவிகளுக்கு நம் மாணவர் தவறாது விண்ணப்பித்தல் வேண்டும். ஜமாஅத்துகள் உதவ விரும்பினால், பெருந்தொகையைப் பரிசாக மேடையில் வழங்குவதைவிட, அரசுப் பணம் வந்துசேரும் வரை கட்டணத்தை முன்னளித்து, வந்தபின் திரும்பப் பெற்று அடுத்தவருக்கு அளிக்கும் ஒரு சிறு நிதியை வைத்திருத்தல் நூறு குடும்பங்களின் கதவடைப்பைத் தவிர்க்கும் என்பது நம் கருத்து. மேடையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம்.

அந்த மாணவர் பட்டம் பெற்றுவிட்டார். சென்ற ஆடி மாதத்தில் தம் ஊரிலிருந்து முதலாண்டில் சேர்ந்திருந்த மூவரை அழைத்துக்கொண்டு நம் அறைக்கு வந்தார். விண்ணப்பங்களை அவரே நிரப்பியிருந்தார்; வருமானச் சான்றிதழ்களும் இருந்தன. நாம் கையொப்பமிட எழுதுகோலை எடுத்தபோது, "ஐயா, கணக்குப் புத்தகத்தை முதலில் பாருங்கள்" என்றார். ஒருவருடையதில் தலைப்பெழுத்து விடுபட்டிருந்தது.