விண்டோஸ் இன்ஸ்டால் ஆகலையா? புது லேப்டாப்புக்கு இ.எம்.ஐ போடும் முன் இதைப் படிங்க



நம்ம பக்கத்துல வழக்கமா மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன்னு தான் பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். லேப்டாப்ல விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும்போது பாதியில நின்னுபோச்சுன்னா என்ன செய்யணும்?

"இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்குறீங்களா? எங்க மாமாவுக்கு 46,000 ரூபாய் சம்பந்தம் இருந்தது. முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன். அப்புறம் நீங்க எந்த வரிசையில பார்க்கணும்னு பார்ப்போம்.

மாமா கடையில் நடந்தது

மாமா, அதாவது எங்க அக்கா வீட்டுக்காரர், பெருந்துறையில எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கார். கடையில இருக்கிறது 2021-ல் வாங்கின லேப்டாப். இன்டெல் 11-வது தலைமுறை பிராசசர். மொத்தக் கணக்கும் அதுல இருக்கிற டேலியில தான். வயர்மேன், மேஸ்திரின்னு பாதிப் பேர் கடனுக்குச் சரக்கு எடுக்கிறவங்க. யார் எவ்வளவு பாக்கிங்கறது அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் தான் தெரியும். கூட்டினா 3 லட்சத்துக்கு மேல வரும். பேக்கப் இருக்கான்னு கேட்டா, "எடுக்கணும் எடுக்கணும்னு தான் மாப்ள இருந்தேன்" என்கிறார்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "பேங்க் வேலையெல்லாம் இதுல பண்றோம், 11 போட்டுடலாம்"னு மாமா லேப்டாப்பை ஒரு சர்வீஸ் கடையில கொடுத்தார். அவர் நினைச்சது சரியான விஷயம் தான்.

அங்க இருந்த பையன் பென்டிரைவ் போட்டு இன்ஸ்டாலரை ஓட்டியிருக்கான். எந்த டிஸ்க்ல போடணும்னு கேக்குற இடத்துல பட்டியல் காலியா வந்திருக்கு. டிஸ்க்கே இல்லைங்கற மாதிரி ஒரு செய்தி. உடனே பயாஸ்க்குள்ள போய் ரெண்டு மூணு செட்டிங்கை மாத்தியிருக்கான். பென்டிரைவை எடுத்துட்டு ஆன் பண்ணினா பழைய விண்டோஸும் வரல. நீலத் திரை.

சாயங்காலம் மாமாவுக்குப் போன். "ஹார்டு டிஸ்க் போச்சு சார். டேட்டா வராது. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்க." அதே கடையில 46,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப், 12 மாச நோ காஸ்ட் இ.எம்.ஐ. மாமாவும் ஆதார் கார்டை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். நல்லவேளை, அக்கா எனக்குப் போன் பண்ணினாங்க.

டிஸ்க் உயிரோட தான் இருந்தது

அடுத்த நாள் காலையில நான் போனதும் பார்த்த முதல் விஷயம் பயாஸ் திரை. அங்க எஸ்.எஸ்.டி-யோட பெயரும் 512 ஜி.பி-ங்கற அளவும் தெளிவா தெரிஞ்சது. செத்துப்போன டிஸ்க் பெரும்பாலும் அங்க பேர் காட்டாது. அப்போ பிரச்சினை வேற எங்கேயோ இருக்கு.

இன்டெல் 11-வது தலைமுறையில இருந்து பல லேப்டாப்களில் வி.எம்.டி-ன்னு ஒரு அமைப்பு ஆன் செய்யப்பட்டே வருது. எஸ்.எஸ்.டி-யை பிராசசர் அது வழியா தான் கையாளும். அதுக்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலர்ல இல்லைன்னா, டிஸ்க் உள்ளே நல்லா இருந்தாலும் இன்ஸ்டாலர் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனியோட இணையதளத்துல அந்த மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இலவசமா இறக்கி, விரிச்சு, அதே பென்டிரைவ்ல ஒரு ஃபோல்டரா வச்சு, டிஸ்க் கேக்குற திரையில "லோடு டிரைவர்" கொடுத்தா போதும். டிஸ்க் வந்துடும்.

அந்தப் பையன் என்ன பண்ணியிருக்கான்னா, டிரைவர் போடாம பயாஸ்ல வி.எம்.டி-யை அணைச்சுட்டான். ஏற்கனவே உள்ளே இருந்த விண்டோஸ், வி.எம்.டி இருக்குன்னு நம்பி அமைக்கப்பட்டது. வழி மாறினதும் அதுக்குத் தன் டிஸ்க்கே தெரியல. அதான் நீலத் திரை. அவன் ஏமாத்தணும்னு செஞ்சதா எனக்குத் தோணல. ஆனா அந்த அனுமானத்துக்கான பில் மாமா பேர்ல வந்திருக்கும்.

வி.எம்.டி-யை மறுபடி ஆன் பண்ணினேன். இந்தத் தடவை வேற ஒரு நீலத் திரை: பிட்லாக்கர், 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடுங்கன்னு கேட்டுது. மாமா முகம் போன போக்கு! டிஸ்க்ல இருக்கிற எல்லாமே பூட்டப்பட்டிருக்கு, சாவி இல்லாட்டி மூணு லட்சம் பாக்கிக் கணக்கும் உள்ளேயே தான்.

பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோட உள்ளே நுழைஞ்சாலே டிஸ்க் தானா பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்குல சேமிக்கப்படும். மாமாவோட கணக்கை 2021-ல் ஷோரூம் ஆள் தான் உருவாக்கிக் கொடுத்திருக்கார். பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனா போன் நம்பர் அதே நம்பர். ஓ.டி.பி வந்தது, கணக்கு திறந்தது, சாவி இருந்தது. ஒவ்வொரு இலக்கமா அக்கா படிக்க, நான் அடிச்சேன். விண்டோஸ் 10 பழையபடி வந்து நின்னுது.

பையன் செக்யூர் பூட்டையும் அணைச்சிருந்தான், அதை நான் கவனிக்கல. அதையும் முதல்லயே பழைய நிலைக்கு மாத்தியிருந்தா அந்தச் சாவியை அது கேட்காமலே போயிருக்கலாம். என் பக்கத் தப்பு அது.

முதல் வேலையா டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென்டிரைவ்லயும், கூகுள் டிரைவ்லயும் போட்டோம். அதுக்கப்புறம் விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே 11-க்கு மாறும் வசதி இலவசமா இருந்தது. ஃபார்மட் பண்ணவே வேண்டியதில்லை. ஃபைல், டேலி எல்லாம் இருந்த இடத்துலயே இருக்க, மதியத்துக்குள்ள முடிஞ்சது.

மொத்தச் செலவு: ஒரு பென்டிரைவ், என் பஸ் டிக்கெட்.

உங்களுக்கு இப்படி ஆனா: செலவில்லாத இடத்துல இருந்து ஆரம்பிங்க

இன்ஸ்டாலேஷன் நின்னுபோச்சுன்னா காரணம் பெரும்பாலும் நாலு இடத்துல தான் இருக்கும்: பென்டிரைவ், பயாஸ் செட்டிங், டிரைவர், உண்மையான ஹார்டுவேர் கோளாறு. முதல் மூணுக்கும் கிட்டத்தட்ட காசே வேண்டாம். ஆனா நாம நேரா நாலாவதுக்குப் போய் நிற்கிறோம்.

1. திரையை போட்டோ எடுங்க. எந்த இடத்துல நின்னுது, என்ன செய்தி, என்ன எண். "ஏதோ எரர் வந்தது"ன்னு சொன்னா யாராலும் உதவ முடியாது. பயாஸ்ல எதையாவது மாத்துறதுக்கு முன்னாடியும் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துடுங்க. மாமா கேஸ்ல அது இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

2. பென்டிரைவைச் சந்தேகப்படுங்க. எரர் எண் 80070570-ன்னு முடிஞ்சா, ஃபைல் சேதமாயிருக்கு அல்லது படிக்க முடியலன்னு அர்த்தம். மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்தே மறுபடி இறக்குங்க. அவங்க மீடியா கிரியேஷன் டூலுக்கு 8 ஜி.பி பென்டிரைவ் போதும். வேற பென்டிரைவ், வேற யு.எஸ்.பி போர்ட் ரெண்டையும் முயற்சி பண்ணுங்க. ஃபைலை சும்மா காப்பி பண்ணிப் போடாதீங்க. ஃபேட் 32 முறையில ஒரு ஃபைல் 4 ஜி.பி-க்கு மேல போக முடியாது, விண்டோஸோட முக்கிய ஃபைல் பல நேரம் அதைவிடப் பெரிசு.

3. டிஸ்க் தெரியுது, ஆனா "இதுல இன்ஸ்டால் பண்ண முடியாது"ன்னு வந்தா செய்தியை முழுசா படிங்க. எம்.பி.ஆர், ஜி.பி.டி-ன்னு வார்த்தை இருந்தா, டிஸ்க் பிரிக்கப்பட்ட முறையும் லேப்டாப் பூட் ஆகுற முறையும் ஒத்துப்போகலன்னு அர்த்தம். டிஸ்க் கெட்டுப்போகல. இங்க தான் ஜாக்கிரதை. யூடியூப்ல பல பேர் டிஸ்க்பார்ட் திறந்து "கிளீன்" அடிக்கச் சொல்லுவாங்க. அந்த ஒரு வார்த்தை எல்லா பார்ட்டிஷனையும் எடுத்துடும், டி டிரைவ்ல வச்சிருக்கிற பொண்ணு கல்யாண போட்டோ உட்பட. பேக்கப் கையில இல்லாம அதைத் தொடாதீங்க.

4. டிஸ்க்கே தெரியலன்னா முதல்ல பயாஸ்ல தெரியுதான்னு பாருங்க. அங்க தெரிஞ்சா டிரைவர் பிரச்சினையா இருக்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன வழி தான்.

5. "இந்த பிசி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை"ன்னு வந்தா டி.பி.எம் 2.0-வும் செக்யூர் பூட்டும் பயாஸ்ல அணைஞ்சிருக்கலாம். இன்டெல்ல பி.டி.டி, ஏ.எம்.டி-யில எஃப்.டி.பி.எம்-ன்னு பேர் இருக்கும். ஆனா இன்டெல் 7-வது தலைமுறையும் அதுக்கு முந்தினதும்னா, ஒரு சில மாடல்களைத் தவிர, அதிகாரப்பூர்வமா 11 கிடையாது. அப்பவும் தூக்கிப்போட வேண்டாம். படிக்கிற பசங்களுக்கு, இன்டர்நெட் வேலைக்கு லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச சிஸ்டம் போதும். டேலி மாதிரி விண்டோஸுக்காகவே எழுதின சாஃப்ட்வேர் உங்க பிழைப்புன்னா மட்டும் யோசிச்சுச் செய்யுங்க.

6. இவ்வளவும் பார்த்தும் சரியாகலன்னா தான் ஹார்டுவேர். லினக்ஸ் பென்டிரைவ்ல, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கு. அதுல பூட் பண்ணி டிஸ்க்ல உள்ள ஃபைல்களை வெளியே எடுக்கப் பாருங்க. பூட்டியிருந்தா 48 இலக்கச் சாவி வேணும். டிஸ்க்கோட ஆரோக்கியத்தை அங்கேயே ஸ்மார்ட் அறிக்கையில பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னா ரேம் மேல சந்தேகம். மெம்டெஸ்ட்-ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்க. பழைய ஹார்டு டிஸ்க்ல "டக் டக்"னு சத்தம் கேட்டா உடனே அணைச்சுடுங்க, டேட்டா மீட்கிற ஆள்கிட்ட போங்க. அங்க மட்டும் சோதனை வேண்டாம்.

பணம் எங்கெல்லாம் கசியும்?

ஒண்ணு, லைசென்ஸ். லேப்டாப்போட விண்டோஸ் சேர்ந்தே வந்திருந்தா, அந்த உரிமம் உங்க மதர்போர்டோட இணைஞ்சிருக்கும். ஹோம்னா ஹோம், புரோன்னா புரோ. அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட்ல இணைச்சா தானா ஆக்டிவேட் ஆகும். "கீ-க்குத் தனியா காசு"ன்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

ரெண்டு, "ஆக்டிவேட்டர்" போட்டுத் தர்றேன்னு சொல்றவங்க. திருட்டு ஆக்டிவேட்டரோட கீ அடிக்கிறதைப் பதிவு செய்யும் வைரஸும் உள்ளே வரலாம். அதே லேப்டாப்ல தானே நெட் பேங்கிங் திறக்கப் போறீங்க?

மூணு, நோ காஸ்ட் இ.எம்.ஐ. வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுப்பாங்க, சரி. ஆனா பேங்க் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி போடும், பல பேங்க்ல பிராசசிங் கட்டணமும் உண்டு. முழுப் பணம் கொடுத்தா கிடைக்கிற விலைக் குறைப்பும் போயிடும். இதைப் பத்தி ஏற்கனவே பேசியிருக்கோம்.

நாலாவது தான் பெருசு: டேட்டா. லேப்டாப்போட விலை பில்லுல இருக்கு. உள்ளே இருக்கிறதுக்கு நீங்க எப்பவாவது விலை போட்டுப் பார்த்தீங்களா? மாமா லேப்டாப்பை இன்னைக்கு வித்தா பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வரும். உள்ளே இருந்தது மூணு லட்சம்.

அதனால கடையில கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணே வேலை. முக்கிய ஃபைல்களை ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. பிட்லாக்கர் சாவியை உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல பார்த்து, பேப்பர்ல எழுதி, இன்ஷூரன்ஸ் பாலிசி வைக்கிற ஃபைல்லயே வைங்க. கடைக்காரர்கிட்ட, "என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க"ன்னு ரசீதுல எழுதி வாங்குங்க.

மாமா இப்ப வெள்ளிக்கிழமை கடை சாத்தும்போது பென்டிரைவைச் சொருகி டேலி பேக்கப் எடுத்துட்டுத் தான் ஷட்டரை இறக்குறார். அந்த 12 மாச இ.எம்.ஐ-க்குப் போக வேண்டிய பணத்துல ஒரு ஆர்.டி போடச் சொல்லியிருக்கேன். "பார்க்கலாம் மாப்ள" என்கிறார். பேக்கப்புக்கும் முன்னாடி இதையே தான் சொல்லிட்டு இருந்தார்!

உங்க லேப்டாப் எந்தத் திரையில நின்னுச்சு, என்ன செய்தி வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. டிரைவர் போடுற முறையைப் படிப்படியா அடுத்த வீடியோவுல காட்டுறேன். அதுவரைக்கும் அந்த 48 நம்பரை எழுதி வச்சுடுங்க.