மீயொலியின் மெலிவு: உட்கவர்தலும் சிதறலும்

மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் மேல்வரம்பு நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் ஆகும். அதனைக் கடந்த ஒலி மீயொலி எனப்படும். நீர்மத்தின் வழியே செல்லும் மீயொலி படிப்படியாக மெலிகின்றது. இம்மெலிவுக்குக் காரணம் யாது? ‘உட்கவர்தல்’ என்று மாணவர் ஒரே சொல்லில் விடையளிப்பதுண்டு. அவ்விடை முழுமையானதன்று.

முதலில் தூய நீர்மத்தை எடுத்துக்கொள்வோம். அலை செல்லும்போது நீர்மத்தின் அடுக்குகள் மாறி மாறி நெருங்கியும் விலகியும் அசைகின்றன. பாகுநிலை இவ்வசைவைத் தடுப்பதால் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகின்றது. இவ்விழப்பை ஸ்டோக்ஸ் 1845இல் கணக்கிட்டார். வெப்பக் கடத்தலால் நேரும் இழப்பைக் கிர்க்காஃப் 1868இல் சேர்த்தார். இக்கணக்கின்படி, உட்கவர்தல் அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயரும். அளவீடும் நீரில் இவ்விதியை உறுதிசெய்கின்றது. 1 மெகாஹெர்ட்ஸ் அலை நீரில் ஒரு மீட்டர் சென்றால் அதன் செறிவு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும்; 10 மெகாஹெர்ட்ஸ் அலையிலோ ஒரு விழுக்காடுகூட எஞ்சாது.

ஆயினும், நீரில் அளந்த இழப்பு கணக்கிட்டதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அழுத்தத்திற்கேற்ப நீர் மூலக்கூறுகளின் அமைவு மாறுகின்றது. அம்மாற்றம் அலைக்குச் சற்றுப் பிந்துகின்றது. அப்பிந்துதலே மிகுதி இழப்பைத் தருகின்றது என ஹால் 1948இல் விளக்கினார்.

இனி, களிமண் கலங்கிய நீரைக் கருதுவோம். மண்துகள் நீரினும் அடர்த்தி மிக்கது. ஆதலால் நீரின் அசைவுக்கு முற்றும் ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்குகின்றது. துகளுக்கும் நீருக்கும் இடையே எழும் உராய்வு ஆற்றலை வெப்பமாக்குகின்றது. இதுவும் உட்கவர்தலே. துகள் பருத்து, அதன் அளவு அலைநீளத்தை நெருங்கும்போது நிலைமை மாறுகின்றது. துகள் அலையைப் பல திசைகளில் திருப்பிவிடுகின்றது. இங்கு ஆற்றல் வெப்பமாவதில்லை. திசை மட்டுமே மாறுகின்றது. இது சிதறல்.

எதிர்முனையில் உள்ள ஏற்பிக்கு இவ்வேறுபாடு தெரியாது. வந்து சேர்ந்த ஒலி எவ்வளவு என்பதையே அது காட்டும். ஆற்றுநீரில் மிதந்து வரும் வண்டலை மீயொலியால் அளப்போர், ஒரே அதிர்வெண்ணை நம்பினால், துகளின் பருமனையும் அதன் மிகுதியையும் பிரித்தறிய இயலாது. ஆகவே, பல அதிர்வெண்களில் அளந்து ஒப்பிடுகின்றனர்.

எனவே, மொத்த இழப்பை ‘மெலிவு’ என்றும், வெப்பமாகும் பகுதியை ‘உட்கவர்தல்’ என்றும், திசைமாறும் பகுதியைச் ‘சிதறல்’ என்றும் வகுப்பறையில் பிரித்து வழங்குதல் நன்று. சொற்கள் தெளிந்தால் கருத்தும் தெளியும். அளவீட்டில் நேரும் பிழையும் குறையும்.