உருளைக்கிழங்கின் பகைவன்

ஆனைமலைச் சாரலில் வாழும் நம் இல்லங்களில் உருளைக்கிழங்கு சமையாத வாரம் அரிது. நீலகிரியில் விளைந்து, மேட்டுப்பாளையத்து மண்டிகளில் ஏலம் போய், நம் ஊர்ச் சந்தைகளுக்கு வந்து சேரும் அக்கிழங்கிற்குக் கொடிய பகைவன் ஒருவன் உளன். பின்பருவ இலைக்கருகல் என்னும் நோயே அவன். அவன் இயல்பையும், நாட்டுக்கு நாடு அவன் வேறுபடும் திறத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குளிரும் ஈரமும் மிக்க நாட்களில் இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் நீர் தோய்ந்தாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சணம் படரும். சின்னாட்களில் வயல் முழுதும் கருகி நாறும். மண்ணுள் இருக்கும் கிழங்கும் அழுகும். இதற்குக் காரணமான நுண்ணுயிரைப் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்பர். பூஞ்சணம்போலத் தோன்றினும் இது உண்மைப் பூஞ்சணம் அன்று; கடற்பாசிகள் சிலவற்றிற்கே நெருங்கிய உறவுடையது. இதன் வித்துக்கள் காற்றில் பறந்து சென்று, இலைமேல் உள்ள நீர்த்துளியில் நீந்தவும் வல்லன. 1845-ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்திற்கு வித்திட்டது இதுவே. அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இந்தியாவில் இந்நோய் முதன்முதல் காணப்பட்ட இடம் நம் நீலகிரியே. காலம் 1870-க்கும் 1880-க்கும் இடைப்பட்டது.

நோய் ஒன்றே, அதன் குலங்களோ பல. தமிழ் ஒன்றாயினும் கொங்கு வழக்கும் நெல்லை வழக்கும் வேறுபடுதல் போன்றது இது. ஆயின் வழக்கின் வேறுபாட்டைச் செவி உணரும். இக்குலங்களின் வேறுபாட்டைக் கண் உணராது. மரபணுக் குறிகளை ஒப்பிட்டே அறிதல் வேண்டும். இவ்வுயிரில் ஏ1, ஏ2 என இரு பால்வகைகள் உள. நெடுங்காலம் மெக்சிகோ நாட்டில் மட்டுமே இரண்டும் கூடி வாழ்ந்தன. பிற நாடுகளில் ஏ1 வகையே பரவியிருந்தது. 1984-இல் சுவிட்சர்லாந்தில் ஏ2 காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டபின் நிலைமை மாறிற்று. இரண்டும் கூடுமிடத்து மண்ணில் நெடுநாள் உறங்கவல்ல வித்துக்கள் உண்டாகும், புதுக்குலங்களும் பிறக்கும்.

2004-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் 13-ஏ2 என்னும் குலம் தோன்றிச் சில்லாண்டுகளில் பழைய குலங்களை ஒதுக்கிற்று. பின்னர்த் தென்னிந்தியாவில் தக்காளியும் உருளையும் பேரழிவுற்ற காலத்து ஆராய்ந்தபோது, இங்கும் அக்குலமே ஆட்சி செய்தமை புலனாயிற்று. கிழக்கிந்தியாவிலும் வங்காள தேசத்திலும் அதனைக் கண்டனர். எனினும் கிழக்கிந்தியாவில் அக்குலத்துள்ளேயே பல சிறு கிளைகள் இருந்தன. நேபாளத்திலோ ஏ1, ஏ2 இரண்டுமே காணப்பட்டுள்ளன. அயல்நாடுகளாயினும் பகைவன் ஒருபடித்தாக இல்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்வேற்றுமையை அறிவதால் உழவர்க்கு யாது பயன் எனின், கூறுதும். மெட்டலாக்சில் என்னும் மருந்து பழைய குலங்களை அடக்கியது. 13-ஏ2 குலமோ அதற்கு அடங்குவதில்லை. இஃதறியாத உழவர் கடன் வாங்கி மருந்து தெளித்தும் பயிரை இழப்பர். பயிர் வகைகளின் நிலையும் அத்தகையதே. 1968-இல் வெளியிடப்பட்ட குப்ரி ஜோதி என்னும் வகை முதலில் நோயை எதிர்த்து நின்றது. நாளடைவில் நோய் மாற, அவ்வெதிர்ப்பும் தளர்ந்தது. நீலகிரியில் ஆண்டிற்கு மூன்று போகம் உருளை பயிராவதால், பகைவனுக்குப் பசுமையான உறைவிடம் எக்காலத்தும் கிடைக்கின்றது. கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கங்களில் மிகுதியாய் விளையும் தக்காளியும் அவனுக்கு உணவாதலின், இது மலைநாட்டார் கவலை மட்டும் அன்று.

வித்துக்களைக் காற்றுச் சுமந்து செல்லும் தொலைவிற்கு எல்லை உண்டு. நோயுற்ற விதைக்கிழங்கோ கப்பலேறிக் கடலையும் கடக்கும். ஆதலின் தூய விதைக்கிழங்கைத் தேர்தல், அழுகிய கிழங்குகளை வயலோரம் குவிக்காது அழித்தல், நோய் தோன்றுமுன்னரே காப்பு மருந்து தெளித்தல் ஆகியன உழவர் கடமை. எக்குலம் எங்குளது என ஆண்டுதோறும் ஆராய்ந்து அயல்நாடுகள் தம்முள் அறிவித்துக்கொள்ளுதல் அறிஞர் கடமை. அச்செய்தியை உழவர்க்கு விளங்கும் எளிய தமிழில் எடுத்துரைத்தல் தமிழ் பயிலும் நம்மனோர் கடமை ஆகும்.