இரண்டு புள்ளியும் ஒரு உலைப் பானையும்



கணக்குப் பாடத்தில் நேர்க்கோட்டுக்கு 'இரு புள்ளி வடிவம்' என்று ஒரு சூத்திரம் வருகிறது அல்லவா? எக்ஸ் ஒன், எக்ஸ் டூ, ஒய் ஒன், ஒய் டூ என்று மேலும் கீழுமாக நிற்கும் அதைப் பார்த்ததுமே, தமிழ் மீடியத்திலிருந்து வந்த நம்மில் பலர் "இத விட்டுடலாம்டா" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். விட்டால் அரியர். அரியர் சேர்ந்தால், "படிச்சது போதும், மிளகு பறிக்க வா" என்று வீட்டில் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரவள்ளியிலிருந்து எங்கள் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோட்டில் ஏற்றம் இடத்துக்கு இடம் மாறும். நேர்க்கோடு அப்படியில்லை, அதில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் சாய்வு ஒன்றுதான். சூத்திரம் சொல்வதும் இவ்வளவே!

சேந்தமங்கலத்தில் சட்டென்று வேகும் பருப்பு மலையில் வேக நேரமாகும் என்பார் அம்மா. உண்மைதான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. (குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் அங்கே சீக்கிரம் வேகிறது.) கடல் மட்டத்தில் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ். 1200 மீட்டர் உயரத்தில் சுமார் 96. ஆக, (0, 100), (1200, 96) என்று இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன.

உயரத்தை 'உ' என்றும் கொதிநிலையை 'கொ' என்றும் வைத்துக்கொள்வோம். உயரம் 1200 கூடினால் கொதிநிலை 4 குறைகிறது. சாய்வு −4/1200, அதாவது −1/300. இனி கோட்டில் எங்கோ இருக்கும் (உ, கொ) என்ற புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குப் பார்த்தாலும் அதே சாய்வுதானே வரணும்?

(கொ − 100) / (உ − 0) = −1/300

கொ = 100 − உ/300

பாதி மலையில், 600 மீட்டரில் உலை வைத்தால் 98 டிகிரியில் கொதிக்கும். உண்மையில் இது லேசாக வளைந்த கோடுதான். நம்ம மலை உயரத்துக்கு நேர்க்கோடே போதும்.

கழிக்கும்போது மட்டும் கவனம். மேலே எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழித்தீர்களோ, கீழேயும் அதே வரிசை. மாற்றினால் சாய்வின் குறி மாறி, மலை ஏற ஏறச் சூடு கூடிவிடும்! சந்தேகமிருந்தால் இரண்டாவது புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: உ = 1200 என்றால் கொ = 96 வரணும்.