பார்வை நரம்பும் குருதிப் படமும்

கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வருவது. முதலில் பார்வையின் ஓரங்கள் மறைகின்றன. நடுப்பார்வை நெடுநாள் நிலைத்திருப்பதால் நோயாளி நாளிதழ் படிக்கிறார், ஊசியில் நூல் கோக்கிறார், தமக்குக் குறையேதும் இல்லையென எண்ணுகிறார். பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகள் உள்ளன. அழிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. இந்தியாவில் 40 வயதைக் கடந்தோரில் 1 கோடியே 12 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாமென 2010-ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. தென்னிந்தியக் கிராம ஆய்வுகளில் நோயுற்றோராகக் காணப்பட்டவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனை அதுவரை அறியாதவரே.

கண்ணினுள் ஓடும் குருதியைப் படம்பிடிக்கும் முயற்சி புதிதன்று. கைச் சிரையில் புளோரசின் சாயத்தைச் செலுத்தி விழித்திரையைப் படமெடுக்கும் முறை 1961-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. நன்முறையே; எனினும் அதற்கு ஊசி வேண்டும், சிலருக்குக் குமட்டலும் உண்டாகும். பார்வை நரம்பைச் சூழ்ந்த மிக நுண்ணிய குழாய்களும் அதில் தெளிவாகப் புலப்படா.

ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி என்னும் இன்றைய முறைக்குச் சாயமே வேண்டுவதில்லை. வாய்க்காலொன்றை ஒரே இடத்தில் நின்று அடுத்தடுத்து இருமுறை படமெடுப்பதாகக் கொள்வோம். கரை மாறாது, நீரில் மிதக்கும் சருகு மட்டும் இடம் மாறியிருக்கும். அவ்வாறே, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளி விழித்திரையின் ஒரே இடத்தைப் பன்முறை தடவிச் செல்கிறது. அசையாத திசுவிலிருந்து மீளும் ஒளி மாறுவதில்லை. ஓடும் சிவப்பணுக்களிலிருந்து மீள்வது மாறுகிறது. அவ்வேறுபாட்டைக் கணிப்பொறி திரட்டிக் குருதிக்குழாய்களின் படமாக்குகிறது. ஓட்டம் உண்டா இல்லையா என்பதையே படம் கூறும். எவ்வளவு குருதி ஓடுகிறதென்று கூறாது.

பெங்களூர் நாராயண நேத்ராலய மருத்துவர்கள் 2016 முதல் இம்முறையைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டு வந்துள்ளனர். நோயுற்ற கண்களில் நரம்பைச் சுற்றியுள்ள குழாய்களின் செறிவு குறைந்திருந்தது. நரம்பின் கீழ்ப்புறத்தில், காதை நோக்கிய பகுதியில், அக்குறைவு நன்கு புலப்பட்டது. ஆயினும் நோயைப் பிரித்தறிவதில், நரம்பிழைப் படலத்தின் தடிப்பை அளக்கும் முந்தைய முறையை இது விஞ்சிவிடவில்லை. இதனைக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. முற்றிய நோயில் படலத்தின் தடிப்பு ஓர் எல்லைக்குக் கீழ் இறங்காது. அந்நிலையில் நோய் மேலும் வளர்கிறதா என அறியக் குழாய்ச் செறிவே பயன்படக்கூடும். இழைகள் அழிவதால் குருதி குறைகிறதா, குருதி குறைவதால் இழைகள் அழிகின்றனவா என்னும் வினாவோ இன்னும் முடிவு பெறவில்லை.

படமெடுக்கும் சில நொடிகள் கண் அசையலாகாது. கண்புரை உள்ளவரிடத்துப் படம் மங்கி, குழாய்கள் இல்லாதனபோல் பொய்த்தோற்றம் தரும். ஆகவே எண்ணைப் படிக்குமுன் படத்தின் தரத்தைக் காணல் வேண்டும்.

இக்கருவி பெரிய மருத்துவமனைகளிலேயே உள்ளது. களப்பணியாளர் அதற்காகக் காத்திருத்தல் வேண்டா. நோயாளி ஒருவரைக் கண்டால், அவருடைய உடன்பிறந்தாரையும் மக்களையும் கண்ணழுத்தச் சோதனைக்கும் நரம்புத் தலைச் சோதனைக்கும் உடனே அனுப்புக. கண்ணழுத்தம் மிகாமலே இந்நோய் வருதலும் உண்டு. எனவே அழுத்தத்தை மட்டும் அளந்து திருப்பியனுப்புதல் போதாது.